சிக்கந்தர் பாயின் ஸ்டாப்பர்

"பின்னாடி ஆளே இல்லீங்க."

ஏற்காடு கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று யாரும் எண்ணியதில்லை. டீ வந்தால் சொல்வார். டீ வர நேரமானாலும் சொல்வார். சேலத்து வெயிலிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கி, நடுங்கிக்கொண்டே குரங்குக் குல்லா கேட்கும் சுற்றுலாக்காரரிடம், "நூத்தியிருவதுங்க" என்று விலையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "முன்னாடி ஆடறதுக்கு ஆயிரம் பேரு வருவானுங்க, பின்னாடி ஆளே இல்லீங்க" என்பார். அந்த மனிதர் முதுகுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

பாய் சொன்னது கால்பந்தைப் பற்றி. அதைச் சொல்வதற்கென்றே அவரிடம் ஒரு ராகம் இருந்தது. 'பின்னாடி' மூக்கில் தொடங்கும். 'ஆளே' நன்றாக இழுபடும். 'இல்லீங்க' கடை ஷட்டரைப் பாதியில் விட்ட மாதிரி திடீரென்று கீழே இறங்கி நிற்கும். அவர் கடை வாசல் பெஞ்சில் உட்காரும் எங்கள் எல்லோருக்கும் அந்த ராகம் மனப்பாடம்.

அதற்குக் காரணமும் மனப்பாடம். பாய்க்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வயதில் ஊர் டீமுக்குக் கோல் காக்கும் கோலியாக நின்றிருக்கிறார். சேலத்திலிருந்து வந்த ஒரு டீம் ஒரே மேட்சில் ஐந்து கோல் போட்டுவிட்டது. "அஞ்சுல நாலு எந்தப்பு இல்லீங்க. பேக்குல நின்னவனுங்க வேடிக்க பாத்துட்டு நின்னானுங்க" என்பார். ஐந்தாவது? "அன்னைக்கி மழைங்க." அதற்கடுத்த வருடம் முட்டி போய்விட்டது. ஆட்டம் நின்றது, குறை நிற்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடந்த ஆறு வருடமாக எங்கள் டீமில் பின்னால் நின்றது அவருடைய மகன் ரியாஸ். கோலிக்கு முன்னால், நட்ட நடுவில், ஸ்டாப்பர். மகன் அங்கே நிற்கும்போதே அப்பா மைதானத்து ஓரத்து மேட்டின் மேல் உட்கார்ந்து ஆளே இல்லை என்பார்.

"ஏனுங்க பாய், அப்ப அங்க நிக்கிறது ஆருங்க?" என்று ஒருமுறை அங்கப்பன் கேட்டார். முப்பத்தோரு வருடம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து காலையில் ஆள் பெயர் கூப்பிட்டவர் அவர். இன்றைக்கும் எதைப் பேசினாலும் பேரேட்டைப் பார்த்து வாசிப்பது போலத்தான் இருக்கும்.

"அது எம்பையன்ங்க. நான் ஆளக் கேக்கறேன்" என்றார் பாய்.

ரியாஸ் காதில் அது விழுந்தது. குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். அவனுக்குப் பழகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் மைதானத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ஐப்பசி பிறந்தால் மதியம் மூன்று மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து முதலில் ஒரு கோல் கம்பத்தை விழுங்கும், பிறகு இன்னொன்றை. நடுவில் நிற்கும் ரெஃப்ரிக்கு இரண்டு கம்பமும் தெரிந்தால்தான் ஆட்டம் என்று ஆரம்பத்தில் ஒரு விதி வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் தை மாதம் வரை பந்தைத் தொடவே முடியாது என்பதால், ஒரு கம்பம் தெரிந்தால் போதும் என்று திருத்திக்கொண்டார்கள். அதனால் எங்கள் ஊர் ஆட்டத்தில் பின்னால் நிற்கிறவன் விடாமல் குரல் கொடுக்க வேண்டும். "என்னுது", "விடு", "எடத்துப் பக்கம்" என்று அவன் கத்தக் கத்தத்தான் கூட ஆடுகிறவர்களுக்கு இடம் புரியும். மேட்டில் இருக்கும் எங்களுக்கும் அந்தக் குரல்தான் ஆட்டம்.

குரலில் ரியாஸை மிஞ்ச ஆள் கிடையாது. வெயில் நாளில் அவன் ஆட்டம் சுமார்தான், அதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் பனி இறங்கிவிட்டால் அவன் வேறு ஆள். "என்னுது, என்னுது!" என்று அவன் குரல் பனியைப் பிளந்துகொண்டு வரும், பின்னாலேயே 'தொம்' என்று உதை விழும் சத்தம், பந்து வெளுத்த வெளியிலிருந்து பறந்து வந்து நடு மைதானத்தில் விழும். "பனியில அவனத் தாண்ட முடியாதுங்க" என்று அங்கப்பன் பதிவு செய்வார்.

இந்த வருடம் எங்கள் டீம் முதல் தடவையாகச் சேலத்தில் நடக்கும் போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்தச் சூட்டோடு சூட்டாக, கொட்டச்சேட்டு டீமிலிருந்து மாதேஷ் என்ற ஒரு பையனைக் கேட்டு வாங்கினோம். பதிலுக்கு நாங்கள் கொடுத்தது இரண்டு புதுப் பந்து, ஒரு செட் பனியன். பத்தொன்பது வயது. அப்பாவோடு சேர்ந்து சொந்தக் காட்டில் காப்பியும் ஆரஞ்சும் பார்க்கிறவன். ஆடும் இடம் ஸ்டாப்பர்.

இடம் ஒன்றுதான். ஆள் இப்போது இரண்டு. பெஞ்சுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"ரெண்டு பந்து, பனியன் ஒரு செட். குடுத்தது சரியா, தப்பா?" என்று அங்கப்பன் ஆரம்பித்து வைத்தார்.

"அவன் காலப் பாத்தீங்களா? மெளகுக்கொடி ஏத்துன சில்வர் ஓக்கு மரமாட்ட நிக்குது" என்றார் ஜெயமேரி அக்கா. ஒரு லாட்ஜில் சமையல் பார்க்கிறவர். அவர் மகன் கிங்ஸ்டன்தான் எங்கள் கோலி. ஆகவே பின்வரிசை பற்றிப் பேச அவருக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம். அதை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

"மரம்னு நீங்களே சொல்றீங்க. மரம் திரும்புமாங்க?"

"மூட்டைய தூக்கிட்டு சரிவுல எறங்கறவன்ங்க அவன். உங்களாட்ட பேனாவத் தூக்குனவனா?"

"சின்னப் பையன். ரெண்டு வருசம் போனா நல்லா வருவான்."

"சேலம் மேட்ச்ச ரெண்டு வருசம் தள்ளி வெக்கச் சொல்லுங்க, ரைட்டரய்யா சொல்றாருன்னு."

சிக்கந்தர் பாய் ஒரு ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் இருக்கட்டும்ங்க. அவன் வாயத் தொறக்கறானா? பேக்குல நிக்கறவன் ஊமையாட்ட நின்னா எப்புடி?"

ஜெயமேரி அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார். "முப்பது வருசமா ஆளில்ல ஆளில்லன்னீங்க. ஆளு வந்தா வாயில்லங்கறீங்க. அடுத்து என்னங்க, மூக்கு சரியில்லம்பீங்களா?"

பாய் மடித்த ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அந்த நேரம் பார்த்து மாதேஷே சாக்ஸ் வாங்க வந்து நின்றான். பெஞ்சு மொத்தமும் அவன் காலைப் பார்த்தது. அவனும் என்னவோ ஏதோவென்று தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"ஏஞ்சாமி, நீ பேசவே மாட்டயா?" என்றார் பாய்.

"பேசுவனுங்க."

"பனியில பந்து வந்தா சத்தம் குடுக்கோணும்ல?"

அவன் ஒரு ஜோடி சாக்ஸை எடுத்து நீளம் பார்த்தான். "நாம சத்தம் போட்டா பந்து வர்ற சத்தம் கேக்காதுங்களே."

பெஞ்சே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது பாய்தான். "பந்து இவன்கிட்ட பேசிட்டு வருமாமா" என்று இரண்டு நாள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் மகனுக்காகப் பேசுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். ஆறு வருடம் மகனைக் குறை சொன்னவர், மகன் இடத்துக்கு இன்னொருவன் வந்ததும் அவனைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெற்றவர், நாங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளியூர் டீமோடு ஆட்டம் வைத்தோம். ரியாஸ், மாதேஷ் இருவரையும் பின்னால் ஒன்றாக நிறுத்தினோம். யார் தேறுகிறாரோ அவர் சேலத்துக்கு ஸ்டாப்பர். முதல் பாதியில் இரண்டு பேருமே ஒன்றும் கெடுக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கும்போது பனி ஏறிவிட்டது.

கிங்ஸ்டனின் கிளவுஸ் நனைந்து தொப்பலாகிவிட்டது. கீழேயிருந்து அவன் கத்தியதைக் கேட்டு, பாய் கடைக்கு ஆள் அனுப்பிக் காய்ந்த ஜோடி ஒன்றை வரவழைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிப் போனார். போனவர் திரும்ப மேடேற முடியாமல் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். முப்பது வருடத்தில் பனிக்குள் அவர் அத்தனை பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேலே எங்களுக்கு வழக்கம் போலக் காது மட்டும்தான். "என்னுது! விடு, என்னுது!" ரியாஸின் குரல். தொம். பந்து வெளியே பறந்தது. நாங்கள் கைதட்டினோம். மறுபடியும் "என்னுது!", மறுபடியும் தொம். நான்கு தடவை கிளியூர்க்காரர்கள் உள்ளே போனார்கள், நான்கு தடவையும் அந்தக் குரல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. மாதேஷ் என்று ஒருவன் உள்ளே இருப்பதற்கான அடையாளமே இல்லை. ஆட்டம் ஒன்றுக்குச் சைபர் என்று எங்கள் பக்கம் முடிந்தது. "எழுதிக்கலாம்ங்க. ரியாஸு" என்றார் அங்கப்பன். ஜெயமேரி அக்காகூட, "சரிங்க, கொரலுக்குத் தலவணங்கறேன்" என்று விட்டுவிட்டார்.

கீழே பாய் பார்த்தது வேறு. முதல் தடவை ரியாஸ் கத்தியபோது பந்து அவனிடமிருந்து இருபது அடி தள்ளி இருந்தது. அவன் முகம் வேறு திசையில் இருந்தது. பந்து வந்த பக்கம், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஓசையில்லாமல் ஓடி வந்து இடது காலால் எடுத்து வெளியே உதைத்தது மாதேஷ். இரண்டாவது தடவையும் அவன். மூன்றாவது தடவை ரியாஸ் "என்னுது" என்று கத்தியது கிட்டத்தட்ட அரை மைதானம் தள்ளி. ரியாஸ் யாரையும் ஏமாற்றவில்லை. கத்தினால் காவல் காத்த மாதிரி என்று அவன் மனதார நம்பினான். ஆறு வருடம் பக்கத்தில் நின்ற யார் யாரோ உதைத்ததற்கெல்லாம் அவனுக்குக் கைதட்டி நாங்கள்தான் அந்த நம்பிக்கையை வளர்த்திருந்தோம்.

கிங்ஸ்டன் ஒருமுறை திரும்பிப் பாயைப் பார்த்தான். கோலிக்கு இது இன்று நேற்று தெரிந்த விஷயமாக இருக்க முடியாது. ஆனால் ரியாஸ் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. "கிளவுஸு நல்லாருக்குதுங்க, பாய்" என்று மட்டும் சொன்னான்.

ஆட்டம் முடிந்து மேடேறி வந்தவரிடம் எல்லோரும் கை குலுக்கினார்கள். "உங்க பையன் சிங்கம்ங்க!" பாய் எல்லோருக்கும் கையைக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. முட்டி வலி என்று நினைத்தோம்.

எங்கள் டீமுக்குப் பட்டியல் எழுதும் முறை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை பாய் தொழுகை முடித்து வந்ததும், அவர் கடை வாசலில், ஸ்வெட்டர் பெட்டியின் அட்டை மூடியைத் திருப்பிப் போட்டு அங்கப்பன் பெயர்களை எழுதுவார். ஒவ்வொரு பெயராக வாசித்து "ஆட்சேபணை?" என்பார். யாரும் பேசாவிட்டால் பெயர் நிற்கும். அதில் ஒரே ஒரு விதி: தன் பிள்ளையின் பெயர் வரும்போது பெற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. கிங்ஸ்டன் பெயர் வந்தால் ஜெயமேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். அவருக்கு அது சாதாரணக் கஷ்டம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோலியும் மற்றவர்களும் முடிந்து, "ஸ்டாப்பர், ரியாஸ். ஆட்சேபணை?" என்று அங்கப்பன் வாசித்தார். எதிர்க்கடை வாசலில் வண்டி மேல் சாய்ந்து ரியாஸ் நின்றுகொண்டிருந்தான். யாரும் பேசவில்லை. அங்கப்பன் அடுத்த பெயருக்குப் பேனாவை நகர்த்தினார். பாய் அப்படியே டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மகன் சேலத்தில் ஆடியிருப்பான்.

"இருக்குதுங்க" என்றார் பாய்.

"என்னதுங்க?"

"ஆட்சேபணை."

"ரூல்படி நீங்க பேசக்கூடாதுங்க, பாய்."

"அந்த ரூலச் சொன்னதே நாந்தானுங்க. பையனத் தூக்கிப் பேசக் கூடாதுன்னு போட்டோம். எறக்கிப் பேசக் கூடாதுன்னு எங்க எழுதிருக்குது, காட்டுங்க."

அங்கப்பன் நிஜமாகவே தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இல்லை.

பாய் கீழே பார்த்ததைச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு பந்தாக, நான்கையும் சொன்னார். "நாம இத்தன வருசம் அந்த மேட்டுல உக்காந்து பந்தாட்டம் பாக்கலைங்க. ரேடியோ கேட்டுட்டு இருந்தோம்" என்றார். "சேலத்துல வெயிலடிக்கும்ங்க. அங்க ரேடியோ எடுபடாது. மாதேஷ எழுதுங்க."

யாரும் எதிர்க்கடைப் பக்கம் பார்க்கவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. அங்கப்பன் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். ரியாஸின் பெயர் கடைசியில், மாற்று ஆட்டக்காரர்களில் மூன்றாவதாகப் போனது.

வீட்டில் பாயின் மனைவி ஜைனப் அக்கா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அவர் காதில் விழும்படி பூனையிடம் பேசினார். "உனக்கு என்ன தெரியும், பாவம். பெத்த குட்டிய நக்கிக் குடுக்கத்தான் தெரியும். ஊரக் கூட்டி வெச்சு அதும் மேல குத்தஞ் சொல்லத் தெரியுமா?" பூனை போய்விட்டால் மீதியைக் குக்கரிடம் சொன்னார். பாய் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தார்.

ரியாஸ் எப்போதும் போலக் கடைக்கு வந்தான், ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தான், மீதிச் சில்லறை கொடுத்தான். அப்பாவிடம் விலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கிங்ஸ்டனிடம் மட்டும் ஒன்று சொன்னானாம். "பின்னாடி ஆளு இருக்குதுன்னு அத்தா என்னைக்காச்சும் ஒரு நாளு சொல்லுவாருன்னு நெனச்சேன்டா. சொல்லிட்டாரு. அது நானில்ல." கிங்ஸ்டன்தான் இதைப் பெஞ்சில் வந்து எங்களிடம் சொன்னான்.

சேலத்துக்கு வேனில் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்போது எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம். மைதானத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் டீம் ஆடியதை முழுதாகக் கண்ணால் பார்த்தோம். மாதேஷ் ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வது? அவர்களுடைய முன்வரிசை எந்தப் பக்கம் வந்தாலும் இவன் அங்கே முன்னாலேயே போய் நின்றான். "மரம் திரும்புது பாருங்க, ரைட்டரய்யா! திரும்புது பாருங்க!" என்று ஜெயமேரி அக்கா கத்திக்கொண்டே இருந்தார். பாய் அன்றைக்கு ஒருமுறைகூடத் தன் ராகத்தை எடுக்கவில்லை. மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் ரியாஸ் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் மாதேஷையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் அவர்களில் ஒருவன் தப்பித்து ஓடினான். எல்லோரும் பின்தங்கிவிட, மாதேஷ் ஒருவன்தான் துரத்திப் பிடித்தான். கோலுக்கு முன்னால் சறுக்கி விழுந்து காலை நீட்டினான். பந்துக்குப் பதிலாக ஓடி வந்தவன் கணுக்காலில் பட்டது. விசில். பெனால்டி. கிங்ஸ்டன் வலது பக்கம் பாய்ந்தான், பந்து இடது பக்கம் போனது. ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம்.

திரும்பும் வேனில் மாதேஷ் கடைசி சீட்டில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி மலை ஏறியதும் ரியாஸ் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசினான் என்று தெரியாது, பேசியதாகவும் தெரியவில்லை.

மறுநாள் காலை பெஞ்சு நிறைந்திருந்தது. இரண்டு பந்தும் ஒரு செட் பனியனும் வீண் என்று ஒரு கட்சி. பதினெட்டு தடவை காப்பாற்றியவனை ஒரு தடவைக்காகத் திட்டுவதா என்று ஜெயமேரி அக்கா. "ரியாஸு நின்னிருந்தா கதையே வேறங்க" என்று யாரோ சொன்னார். கடைக்குள் குல்லாக்களை அடுக்கிக்கொண்டிருந்த ரியாஸ் வெளியே வந்தான். பத்து நாளில் முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அத்தா, நெஜத்தச் சொல்லுங்க. நான் நின்னிருந்தா அந்தப் பெனால்டி வந்திருக்குமா?"

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எங்களைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தார்.

"வந்திருக்காது கண்ணு. சத்தியமா வந்திருக்காது. பெனால்டி வரோணும்னா மொதல்ல அந்தப் பந்துகிட்ட போயிச் சேரோணும். அவன் போயிச் சேந்தான், அப்பறந்தான் தப்புப் பண்ணுனான். நீ பாதி வழியிலயே நின்னு என்னுது என்னுதுன்னு கத்திட்டு இருந்திருப்ப, அவனுங்க நேரா கோலே போட்டிருப்பானுங்க. நேத்து முழு ஆட்டமும் நீ அவன் காலையே பாத்துட்டு இருந்தத நான் பாத்தேன். நாளைக்கி காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு அவங்கூட ஓடு. வேண்டாம்னா ஊட்டுக்குப் போயி உங்கம்மாவோட சேந்து என்னையத் திட்டு. ரெண்டுல எது செஞ்சாலும் நல்லாச் செய்யி."